எக்ஸ்ட்ரா ஒயர்

ஓர் ஆண்பிள்ளைக்கு வாழ்க்கையில் இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, சாத்திக்கொள்ள ஒரு கதவு. இரண்டு, அந்தக் கதவுக்குப் பின்னால் இரண்டு பெரிய மானிட்டர்கள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது இந்த ஞானம் எனக்குப் பிறந்தது. வாய்கூடக் கொப்பளிக்காமல் சமையலறைக்குப் போய் அறிவித்துவிட்டேன்.

"ரலி, பால்கனி இனிமே என்னோடது."

ரலிட்சா என் மனைவி. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி அழகாக்கிக் கொடுப்பது அவள் தொழில். எங்கள் ப்ளோவ்டிவ் நகரத்தில் யார் கல்யாணம் செய்துகொண்டாலும், எங்கள் வழக்கப்படி மணப்பெண் செம்புக் குடத்தை உதைக்கிற காட்சி கடைசியில் எங்கள் சமையலறை மேஜைக்குத்தான் வந்து சேரும். அன்றும் ஒரு மணப்பெண் அவளுடைய பழைய லேப்டாப்பில் காலைத் தூக்கியபடியே உறைந்து நின்றிருந்தாள். லேப்டாப் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"வாயில இருக்கற நுரையைத் துப்பிட்டு வந்து சொல்லு," என்றாள் ரலி.

துப்பிவிட்டு வந்து சொன்னேன். முதல் தடவை இருந்த கம்பீரம் இரண்டாம் தடவை இல்லை.

எங்கள் பால்கனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைக் கண்ணாடி போட்டு அடைத்து, இல்லாத மூன்றாவது அறையாக மாற்றியிருந்தோம். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். வீட்டில் குளியலறையை விட்டால் உள்ளே தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அதுதான். நான் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டம் கட்டமாக எண்களை நிரப்பித் தருகிறவன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நிரப்புவேன். ரலி சூப் கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல்யாணங்களை வெட்டுவாள். ஆகவே பால்கனிமேல் இரண்டு பேருக்குமே கண்.

"பால்கனி வேலை செய்யறதுக்கா?" என்றாள்.

"வேலை செய்யறதுக்குத்தான்."

"அப்ப அந்த கிராபிக்ஸ் கார்டு எதுக்கு?"

நான் கார்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. போனில் அதன் படத்தைத் திறந்தபடி படுக்கையில் வைத்துவிட்டு வந்திருந்தேன் போலிருக்கிறது.

"அதே கார்டைத்தானே நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்? ஒரு கல்யாணம் வெளிய வர்றதுக்குள்ள எனக்கு ஒரு நாள் போயிடுது. மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் டைவர்ஸே ஆயிடும் போல."

"நீ வெட்டற, ஒட்டற. அதுக்குக் கத்தரிக்கோல் போதும். என்னோடது எண்கள். எட்டு எட்டாத் தெரியணும். இப்பெல்லாம் எட்டு மூணாத் தெரியுது."

"அதுக்குக் கண்ணாடி போடணும். கார்டு போடக் கூடாது."

உங்களிடம் மறைப்பானேன். ஒரு லாரி ஓட்டும் விளையாட்டு இருக்கிறது. நிஜத்தில் எங்கள் காரை ரலிதான் ஓட்டுவாள். நான் ஒருமுறை வண்டியைப் பின்னால் எடுக்கப் போய் காய்கறிக் கடைக்காரரின் தர்பூசணிக் குவியலைக் கலைத்ததிலிருந்து சாவி அவளிடம். ஆனால் திரையில் நான் வேறு ஆள். மழையில், மலைப்பாதையில், சரக்கு ஏற்றிய லாரியை இஸ்தான்புல்லிலிருந்து வியன்னா வரை ஒரு கீறல் இல்லாமல் கொண்டு சேர்ப்பேன். அந்த மழை கண்ணாடியில் வழிவது ஒவ்வொரு துளியாகத் தெரிய வேண்டுமானால் நல்ல கார்டு வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ரலி, "சரி," என்றாள்.

ரலி வாய் ஓயாமல் திட்டினால் நான் கவலைப்படுவதில்லை. 'சரி' என்று ஒற்றை வார்த்தை சொன்னால்தான் கவலைப்பட வேண்டும். அன்று நான் கவலைப்படவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றாள். "மிளகாய் சீசன் முடியற வரைக்கும் பால்கனியில நான் மிளகாய் சுடற அடுப்பும் இருக்கும். சீசன் முடிஞ்சதும் யாருக்கு நெசமாத் தேவைன்னு பாப்போம். அவங்களுக்குத்தான் பால்கனி. கடைசி வரைக்கும்."

"எனக்கு சம்மதம்."

புதுக் கம்ப்யூட்டர் பெட்டி வந்தது. கார்டு வந்தது. செங்கல் கனம். மானிட்டர்கள் இரண்டும் தலைநகர் சோபியாவிலிருந்து வந்தன. அங்கே என் சித்தி மகன் வேலை செய்த ஆபீஸைக் காலி பண்ணினார்கள். அவன் எனக்காக அவற்றைக் காப்பாற்றி பஸ்ஸில் போட்டு அனுப்பினான். பால்கனியில் எல்லாவற்றையும் அடுக்கி, கைகளைத் தேய்த்துக்கொண்டு, மானிட்டரைத் திருப்பிப் பார்த்தேன்.

கார்டில் இருந்த ஓட்டைகள் எல்லாம் அகலம். மானிட்டரில் இருந்தவை எல்லாம் ஒடிசலான யு.எஸ்.பி-சி ஓட்டைகள், பக்கத்தில் ஒரு குட்டி மின்னல் படம். தண்டர்போல்ட் என்று அர்த்தமாம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேரில் பார்க்காமல் நிச்சயம் பண்ணின கதையாகப் போயிற்று.

நான் அசருவேனா? கடைக்குப் போய் ஒரு முனை ஒல்லி, ஒரு முனை தடி என்று ஒரு ஒயர் வாங்கி வந்தேன். ஒல்லியை மானிட்டரில் சொருகினேன். தடியைக் கார்டில் சொருகினேன். பொத்தானை அழுத்தினேன். இருட்டு.

"கரண்ட் போச்சா?" என்று ரலி எட்டிப் பார்த்தாள்.

"ஒயர் சரியில்லை."

அவள் ஒயர் வந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். "லேப்டாப்புல இருந்து மானிட்டருக்குன்னு போட்டிருக்கு. ஒல்லி முனையில இருந்து தடி முனைக்குத்தான் படம் போகுமாம். நீ தடியில இருந்து ஒல்லிக்கு அனுப்பற."

"ஒயருக்குத் தெரியுமா நான் எந்தப் பக்கத்துல இருந்து அனுப்பறேன்னு? குழாய் மாதிரிதான். இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும்."

"நம்ம பாத்ரூம் குழாய்ல அன்னிக்கு அந்தப் பக்கமும் வந்துச்சே. அன்னிக்கு மட்டும் ஏன் கத்தின?"

  அந்த நேரத்தில் பெட்டியின் பின்பக்கம், கார்டுக்கு ஒரு சாண் மேலே, மதர்போர்டிலேயே ஓர் ஒடிசலான ஓட்டையைப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் அதே குட்டி மின்னல். மானிட்டரோடு வந்த தண்டர்போல்ட் ஒயரை எடுத்து அதில் சொருகினேன். மானிட்டர் கண் விழித்தது. முதல் மானிட்டரிலிருந்து இரண்டாவதற்கு இன்னொரு ஒயர். அதுவும் விழித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியா?" என்றேன். "கொடுக்கறவன் கொடுத்தா எந்த ஓட்டை வழியாவும் கொடுப்பான்."

"பாத்தேன்," என்றாள் ரலி. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடப்போனவள், அடியிலிருந்து ஒரு குட்டை ஒயரைத் தூக்கிக் காட்டினாள். ஒரு முழம்கூட இருக்காது. "இது எதுக்கு?"

"எக்ஸ்ட்ரா."

"ரெண்டு முனையும் தடியா இருக்கு. ஒரு முனை உன் கார்டு ஓட்டையில சேரும் போலிருக்கு. இங்க மதர்போர்டுலயும் அதே அளவுல ஒரு ஓட்டை சும்மா இருக்கு."

"அது காத்துக்கு."

"அப்ப இந்த ஒயர்?"

"சொன்னேனே, எக்ஸ்ட்ரா. சட்டைக்கு எக்ஸ்ட்ரா பட்டன் தர்றதில்லையா? அந்த மாதிரி."

"சரி," என்றாள் ரலி. அந்த ஒயரால் தன் கொண்டையைச் சுற்றி முடிந்துகொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். இரண்டாவது 'சரி'. நான் இஸ்தான்புல்லில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே எதிர்வீட்டு ஸ்டோயில் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடத்தில் எது புதிதாக வந்தாலும் அவர் பார்த்து நல்ல வார்த்தை சொன்னால்தான் வாங்கினவனுக்குத் தூக்கம் வரும். கையில் ஒரு சின்ன கிளாஸ் ரக்கியா என்ற பழச் சாராயம் கொடுத்து மானிட்டர்முன் உட்கார வைத்தேன்.

"மழையைப் பாருங்கண்ணே. துளித் துளியாத் தெரியுதா?"

"என் வீட்டு டிவியிலயும் மழை இப்படித்தான் தம்பி பெய்யுது."

இன்னொரு கிளாஸ் ஊற்றினேன்.

"இப்ப?"

"இப்ப கொஞ்சம் ஈரமாத் தெரியுது."

மூன்றாவது கிளாஸில் அவர் குடை கேட்டார். அந்தக் கார்டு என்ன கார்டு, எவ்வளவு சூடாகும், எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ரலி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் வந்தது. ப்ளோவ்டிவில் செப்டம்பர் என்றால் மிளகாய். நீளமான, சிவந்த, காரமில்லாத மிளகாயை மூட்டை மூட்டையாக வாங்கி, சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு கிளறி பாட்டிலில் அடைக்காத வீடு வீடே இல்லை. அதற்கென்றே ஒரு மின்சார அடுப்பு உண்டு. குண்டான் மாதிரி இருக்கும், உள்ளே ஒரு குழி, குழியில் மிளகாயை நட்டு மூடினால் சுட்டுவிடும். அது குடிக்கிற கரண்டை யானைகூடக் குடிக்காது. எங்கள் பால்கனிக்கு ஒரே ஒரு மெல்லிய லைன். போன வருஷம் ரலி மிளகாய் சுட்டபோது பக்கத்தில் நான் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டேன். டப்பென்று பியூஸ் போய்விட்டது.

இந்த வருஷம் நான் ஒரு மூலையில் லாரி ஓட்டினேன். அவள் இன்னொரு மூலையில் மிளகாய் சுட்டாள். பகல் முழுக்கச் சுட்டாள். நான் பகல் முழுக்க ஓட்டினேன்.

"லுபோ," என்றாள் திடீரென்று. பிரியமாக இருக்கும்போது லுபென் என்ற என் பெயரைச் சுருக்கிவிடுவாள். "உன் கார்டு நிறையக் கரண்ட் குடிக்கும்னியே?"

"குடம் குடமாக் குடிக்கும்."

"இப்ப குடிச்சுக்கிட்டிருக்கா?"

"பின்ன? மலை ஏறிக்கிட்டிருக்கேன், பாரு."

"என் அடுப்பும் குடிக்குது. ஆனா பியூஸ் போகல."

"நான் இழுத்த லைன் அப்படி."

அவள் கையில் சுட்ட மிளகாயை வைத்துக்கொண்டே வந்து, மற்றக் கையால் பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். "ஜில்லுன்னு இருக்கு."

"நல்ல கார்டுன்னா அப்படித்தான். நல்ல மனுஷன் மாதிரி. சூடாகாது."

"சரி," என்றாள்.

மூன்றாவது.

அந்த வாரக் கடைசியில் என் அம்மாவிடமிருந்து காலி பாட்டில்கள் வாங்கிவர கிராமத்துக்கு என்னைத் தனியே பஸ்ஸில் அனுப்பினாள். திரும்பி வந்தபோது வீடு பளபளவென்று இருந்தது. "உன் பெட்டியையும் திறந்து தூசி தட்டிட்டேன்," என்றாள். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. பால்கனி வேண்டும் என்று போட்டிபோடுகிற மனுஷி, என் பெட்டிக்குத் தூசி தட்டுகிறாள். இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள்?

உட்கார்ந்து லாரியை எடுத்தேன். மழை பெய்தது. "ரலி, நீ தூசி தட்டினதுல படமே பளிச்சுன்னு ஆயிடுச்சு."

"அப்படியா?"

"கார்டு நல்லா மூச்சு விடுது இப்ப."

"விடட்டும், விடட்டும்."

அதற்குப் பிறகு இரண்டு அதிசயங்கள் நடந்தன. ஒன்று, லாரி மலை ஏறும்போதெல்லாம் எனக்குத் தும்மல் வந்தது. ஏற்றத்தில் பெட்டிக்குள் காற்றாடி வேகமாகச் சுற்றும். சுற்றினால் தும்மல். தொடர்ந்து தும்மித் தும்மி ஒருமுறை ஆஸ்திரிய எல்லையில் ஒரு சுங்கச் சாவடியையே இடித்துவிட்டேன். கார்டு உயிரைக் கொடுத்து உழைக்கிறது, அந்த நெடிதான் இது என்று ரலியிடம் சொன்னேன். பாவம் கார்டு என்றாள்.

இரண்டாவது, சமையலறையில் பியூஸ் போக ஆரம்பித்தது. ரலி பாட்டில்களை வேகவைக்க மின் அடுப்பைப் போடுவாள், டப். நான் ஸ்டோயில் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

"என் கார்டு பண்ற வேலைண்ணே. பால்கனியில உக்காந்துக்கிட்டு சமையலறைக் கரண்டையே இழுக்குது."

"பால்கனி வேற லைன் இல்லையா தம்பி?"

"அதான் சொல்றேன். அவ்வளவு பலம்."

ஸ்டோயில் அண்ணன் என் தோளில் கைவைத்து அழுத்தினார். இரக்கம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் மகள் டென்மார்க் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரும் மானிட்டரும் மிளகாய்ப் பாட்டில்களுக்குக் கைமாறி, எங்கள் சமையலறை அலமாரிக்குள், மாவுச் சாக்குக்குப் பின்னால் குடியேறியிருந்தன.

நான் கவனித்ததெல்லாம் ஒன்றுதான். ரலி சந்தோஷமாக இருந்தாள். கல்யாணங்கள் வேகமாக முடிந்தன. மணப்பெண்கள் தூக்கின காலைச் சட்டென்று இறக்கினார்கள். மத்தியானத்தில் அவள் சும்மா உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்த்தேன். நான் பால்கனிக்குப் போனதால் அவளுக்கு இடைஞ்சல் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதையும் ஒரு தியாகமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கடைசிப் பாட்டிலும் மூடியாயிற்று. மிளகாய் சீசன் முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ரலி ஸ்டோயில் அண்ணனையும் கூப்பிட்டிருந்தாள். புது ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, எங்கள் வீட்டு மிளகாய்த் தொக்கு. சாப்பிட்டு முடித்ததும் ரலி கையைத் துடைத்துக்கொண்டு, "பால்கனியைப் பத்திப் பேசிடலாம்," என்றாள்.

நான் இதற்காகவே தயாராக இருந்தேன். எழுந்து நின்றேன்.

"எனக்குன்னு நான் எதுவும் கேக்கல," என்றேன். "அந்தக் கார்டுக்காகக் கேக்கறேன். அதுக்குக் காத்து வேணும், இடம் வேணும், அமைதி வேணும். அது இல்லாம என்னால இனிமே ஒரு எண்ணைக்கூடப் பார்க்க முடியாது. ஒரு நாள் அது இல்லைன்னா எனக்குக் கண்ணே தெரியாது. என்னை மறந்துடுங்க. கார்டை நினைச்சுப் பாருங்க."

"அப்ப பால்கனி உனக்கு இல்ல. கார்டுக்கு," என்றாள் ரலி.

"கார்டுக்குத்தான்."

"கார்டு யார்கிட்ட வேலை பாக்குதோ அவங்களுக்கு பால்கனி. சரிதானே?"

"ஸ்டோயில் அண்ணே, நீங்கதான் சாட்சி. கார்டு யார்கிட்ட வேலை பாக்குதோ அவங்களுக்கு பால்கனி. நான் பேச்சு மாறமாட்டேன்." ரொட்டியில் கைவைத்துச் சொன்னேன். எங்களில் ரொட்டியில் கைவைத்தவன் பின்வாங்கக் கூடாது.

ஸ்டோயில் அண்ணன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஐயோ தம்பி," என்றார்.

ரலி பால்கனிக்கு நடந்தாள். நாங்களும் பின்னால் போனோம். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினாள். கார்டு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, நூலில் கோத்த காரமிளகாய் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. மொறுமொறுவென்று அழகாகக் காய்ந்திருந்தது.

"காத்தாடி இருக்கறதால நல்லாக் காயுது," என்றாள். "நீ மலை ஏற ஏற இன்னும் நல்லாக் காஞ்சுது."

நான் தும்மினேன்.

"கார்டு எங்க?" என்று கேட்டது என் குரல்தான் என்று நினைக்கிறேன்.

அவள் சமையலறை அலமாரியைத் திறந்தாள். உள்ளே மாவுச் சாக்குக்குப் பின்னால் என் கார்டு மாட்டின பெட்டி உறுமிக்கொண்டு, ஒரு முழுக் கல்யாணத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடித்து வெளியே தள்ளியது.

"எப்பலேர்ந்து?"

"நீ பாட்டில் வாங்கப் போன அன்னிக்கு."

"அப்ப அன்னியிலேர்ந்து நான் பாத்த மழை?"

"அதுக்கு முன்னாடி பாத்த மழையும் அதேதான் லுபோ. உன் மானிட்டர் ரெண்டும் மதர்போர்டுல தொங்குது. அதுலயே சின்னதா ஒரு படம் காட்டற சமாசாரம் இருக்கு. அதுதான் இத்தனை நாளும் உனக்கு மழை பெய்யவச்சுது. கார்டுல இருந்து வரணும்னா, குட்டை ஒயரால கார்டையும் அந்த காத்து ஓட்டையையும் சேக்கணும். அப்பத்தான் படம் உள்ள போய், மின்னல் ஓட்டை வழியா மானிட்டருக்கு வரும். இங்க ஒருத்தி சமைச்சுக் காத்துக்கிட்டிருக்கா. நீ ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு வந்து அவ கைமணத்தைப் புகழ்ந்துக்கிட்டிருக்க."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பியூஸ் போகலையே."

ஸ்டோயில் அண்ணன் தானாகவே எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். என் வீட்டு ரக்கியாவை எனக்கே.

சாயங்காலமே இடம் மாறியது. ரலி கார்டை மறுபடி பால்கனிப் பெட்டியில் மாட்டினாள். மானிட்டர்களும் கதவும் தாழ்ப்பாளும் அவளுக்கு. மாவுச் சாக்குக்குப் பக்கத்தில் மேஜையும், மூச்சு வாங்குகிற பழைய லேப்டாப்பும் எனக்கு. இன்ஷூரன்ஸ் எண்கள் அதில் நன்றாகவே தெரிந்தன. எட்டு எட்டாகத்தான் இருந்தது. எனக்குத் துக்கம் தாளவில்லை. கதவு போனது கூடப் பெரிதில்லை. அவ்வளவு பேசினேனே, அந்தக் கார்டின் மழையை ஒரு துளிகூட நான் பார்க்கவே இல்லையே என்பதுதான் பெரிது.

ரலிக்கு அது புரிந்துவிட்டது. அவளுக்கு எல்லாம் புரியும், அதுதான் கஷ்டமும் சுகமும். பால்கனிக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"லுபோ, வா. என் கல்யாணம் முடிஞ்சுது. தினமும் சாயங்காலம் லாரி உனக்கு. இன்னிக்குக் கார்டோட பாரு."

நான் எவ்வளவு வேகமாகப் போனேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் தன் நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தாள். "கண்ணை மூடிக்கோ," என்றாள். மூடிக்கொண்டேன். பெட்டிக்குப் பின்னால் அவள் ஏதோ கை வேலை செய்யும் சத்தம் கேட்டது. "இப்பத் திற."

திறந்தேன். மலைப்பாதை. மழை. கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக உருண்டு வந்தது. துளிக்குள் விளக்கு தெரிந்தது. விளக்குக்குள் ஊர் தெரிந்தது. இத்தனை நாள் நான் பார்த்ததெல்லாம் மழையே இல்லை. வெறும் ஒழுகல்.

"ரலி," என்றேன். "என்ன வித்தியாசம்! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதைப் பாக்காம செத்திருந்தா என் கதி என்ன? நீ அந்த ஒயரை மாட்டின கைக்கு முத்தம் கொடுக்கணும்."

அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். அப்புறம் என் கையைப் பிடித்து மெதுவாகத் தன் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"ஒயர் இன்னும் என் கொண்டையிலதான் இருக்கு, லுபோ."